உப்பில்லாத முப்பத்தெட்டு நாட்கள்

எனக்குச் சரியாக எழுத வராது. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஊருக்குக் கடிதம் எழுதும் பழக்கம் இருந்தது, என் வீட்டுக்காரர் போன பிறகு அதுவும் விட்டுப்போனது. மருந்தின் பெயர் மறக்கிறது, கிழமை மறக்கிறது. ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நோய்ப்பட்டவர்கள் தங்களுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தால் மற்றவர்களுக்கு உதவும் என்று இங்கே தில்லியில் உள்ள தமிழ்ப் பெண்கள் சிலர் கேட்டார்கள். தனியாக இருந்துகொண்டு, கையில் அரசாங்க மருத்துவ அட்டையும் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

என் மகன் சரவணன் தமிழ் பேசுவான், படிக்கமாட்டான். தில்லியில் பிறந்து வளர்ந்தவன். அவன் இதைப் படிக்க வழியில்லை என்பதால்தான் எழுத எனக்குத் தைரியம் வந்தது.

முதலில் தலைதான். வலி என்று சொல்ல முடியாது. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு மந்தம். காய்காரர் விலை சொன்னால் அது காதில் விழுந்து, எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. பால் பாக்கெட்டை வெட்டிப் பாலைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். வெயில் காலம். சூட்டினால்தான் என்று நினைத்து நிறையத் தண்ணீர் குடித்தேன். குடிக்கக் குடிக்க வயிற்றைப் புரட்டியது. நான்கைந்து நாள் இப்படி இருந்து, ஒரு காலையில் குழாயடியில் விழுந்தேன்.

விழுந்ததற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்றிருந்தேன். இந்தக் கதையே அதுதான்.

என் மருமகள் நித்யா சரவணனோடு புனேயில் இருக்கிறாள். இரண்டு முறை கரு நிற்கவில்லை. இது மூன்றாவது. ஐந்தாம் மாதம் தொடங்கியதும் டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான் போய் உதவலாம் என்றால் அவளுடைய அம்மா ஏற்கெனவே அங்கே இருந்தார். இருப்பதோ ஒரு படுக்கையறை வீடு. நான் இங்கிருந்தே என்ன செய்ய முடியும்? முருகனுக்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், உப்பில்லாமல் சாப்பிடுவதாக வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதனால் மகனிடமும் சொல்லவில்லை. விழுந்தது முப்பத்தோராம் நாள்.

எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. டிஸ்பென்சரியில் (ஓய்வூதியக்காரர்களுக்கான அரசாங்க மருந்தகத்தில்) இரண்டு மாத்திரை கொடுப்பார்கள். ஒன்று உடம்பில் தங்கும் நீரைப் பிரித்து வெளியேற்றுவது. அந்த நீரோடு உப்பும் போய்விடும். இன்னொன்று இதயத் துடிப்பை மெதுவாக்கி அழுத்தத்தைக் குறைப்பது. இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது மஞ்சள் அட்டையில் இருப்பது ஒன்று, நீல அட்டையில் இருப்பது ஒன்று, அவ்வளவுதான்.

மேல் மாடியில் இருக்கும் சிம்மி என்ற பஞ்சாபிப் பெண் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவில்லையே என்று இறங்கி வந்து பார்த்திருக்கிறாள். அவள்தான் காரில் போட்டுக்கொண்டு போனாள். அரசாங்க அட்டையை ஏற்றுக்கொள்ளும் தனியார் மருத்துவமனை எங்கள் ஜனக்புரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. பெயர் எழுதவில்லை. வாசலில் இருந்தவர் என்னைப் பார்ப்பதற்கு முன் "கார்டு இருக்கிறதா?" என்று சிம்மியிடம் இந்தியில் கேட்டார். இருக்கிறது என்றதும் சக்கர நாற்காலி வந்தது. அவர் குரலும் மாறியது. அதை நான் அப்போது தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் முப்பத்தாறு வருஷம் தபால் பிரித்து அனுப்பும் குமாஸ்தாவாக இருந்து சம்பாதித்த மரியாதை என்று நினைத்தேன்.

முதல் மூன்று நாள் ஐ.சி.யு. (தீவிர சிகிச்சைப் பிரிவு). அதில் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) மிகவும் இறங்கிவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். கையில் ஊசி குத்தி உப்பு நீரை மெதுமெதுவாக ஏற்றினார்கள். அவசரமாக ஏற்றினால் மூளைக்குக் கெடுதலாம். மணிக்கு மணி வந்து பார்த்தார்கள். அந்த மூன்று நாள் அவர்கள் என்னைக் காப்பாற்றினார்கள். இதை நான் எழுதாவிட்டால் பாவம். பின்னால் எழுதப் போவது எல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

நான்காம் நாள் இரண்டு படுக்கை உள்ள அறைக்கு மாற்றினார்கள். தலையில் இருந்த பஞ்சு போய்விட்டது. எனக்கு என் பெயர், வீட்டு எண், பால்காரர் பாக்கி எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இனி வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணினேன்.

ஆனால் அன்றிலிருந்துதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இதய டாக்டர் வந்தார். நரம்பு டாக்டர் வந்து காலில் சுத்தியலால் தட்டினார். சிறுநீரக டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார். சர்க்கரை இல்லாத எனக்குச் சர்க்கரை டாக்டர் வந்தார். ஒரு பெண் வந்து மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பந்தை ஏற்றச் சொன்னாள். உணவு நிபுணர் வந்தார். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம். ஒவ்வொருவர் பின்னாலும் ஒருவர் ஃபைலில் எழுதினார். எல்லோரும் "ஆண்டி ஜி, எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

ஒரு விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் நான் ஒரு நாளைக்கு யாரிடமும் பத்து வார்த்தை பேசுவதில்லை. முன்பு சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது கதவைத் திறந்தால் நான்கு தமிழ்க் குடும்பம். ஜனக்புரிக்கு வந்து இவரும் போன பிறகு, கதவைத் திறந்தால் படி மட்டும்தான். சிம்மி நல்லவள், ஆனால் வேலைக்குப் போகிறவள். மருத்துவமனையில் ஒரு காலைக்குள் ஏழு பேர் என் கையைத் தொட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் போய்விடுவார்களே என்று, கொஞ்சம் அசதி என்று சொன்னேன். அதையும் ஃபைலில் எழுதிக்கொண்டார்கள்.

என்னை யாரும் பணம் கேட்கவில்லை, பில் எல்லாம் அட்டையின் பேரில் அரசாங்கத்துக்குப் போகும். அதனால் இதில் ஆசை எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பணம் கேட்பவர்களைப் பார்த்துத்தானே பயப்படத் தெரியும்.

பக்கத்துப் படுக்கையில் கம்லா ஜி. உத்தம் நகர்க்காரர், என் வயதுதான். சர்க்கரையால் காலில் புண். அவரிடம் அட்டை கிடையாது. மகன் தையற்கடையில் வேலை. தினமும் அவர் மகனை வெளியே கூப்பிட்டுப் பேசுவார்கள். அவன் திரும்பி வரும்போது சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே வருவான். கம்லா ஜி வாய் ஓயாதவர்.

"நீ சர்க்கார் வீட்டு மருமகள். உனக்குச் சுத்தியல் டாக்டர், பந்து டாக்டர். எனக்கு ஒரு ஈ கூட வரமாட்டேன் என்கிறது" என்பார் இந்தியில்.

"என் பந்தை வேண்டுமானால் நீங்கள் ஏற்றுங்கள்" என்றேன்.

"ஏற்றினால் அதற்கும் என் பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்."

நான் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அன்றைக்கு யோசித்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதய நோயாளிகள் இருக்கும் தளம் என்பதால் அங்கே எல்லோருக்கும் உப்பு மிகக் குறைந்த சாப்பாடு. எனக்குப் பருப்பும் சப்பாத்தியும் உப்பில்லாமலே வந்தது. உணவு நிபுணர் கொடுத்த அச்சடித்த தாளில் முதல் வரியே உப்பைக் குறையுங்கள் என்பதுதான் என்று சிம்மி படித்துச் சொன்னாள். கையில் உப்பு ஏற்றுகிறார்கள், தட்டில் உப்பை எடுத்துவிடுகிறார்கள். நீ விரதத்தை விடாதே என்று முருகனே சமையலறையில் போய்ச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றியது. இத்தனை டாக்டர்களில் ஒருவராவது வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆஞ்சியோகிராம் (மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் பிடிப்பது) எடுத்தார்கள். ஒரு தாளை நீட்டினார்கள், தமிழில் கையெழுத்துப் போட்டேன். அடைப்பு எதுவும் இல்லை. "வாழ்த்துக்கள் மாதாஜி, குழாய்கள் சுத்தம்" என்றார் இதய டாக்டர். நான் கைகூப்பினேன். எனக்கு இல்லாத நோய் இல்லை என்று சொன்னதற்குக் கைகூப்பினேன்.

ஆறாம் நாள் கம்லா ஜியை அனுப்பிவிட்டார்கள். காலில் கட்டு நனைந்திருந்தது. எனக்கே தெரிந்தது, அந்தப் புண் ஆறவில்லை. கட்டை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மகன் செருப்பை எடுத்து வைத்தான், ஒரு கால்தான் செருப்புக்குள் போயிற்று.

போகும்போது என் படுக்கையருகில் நின்றார். "உனக்கு நோய் போய்விட்டது, உன்னை விடமாட்டார்கள். எனக்கு நோய் இருக்கிறது, என்னை வைத்துக்கொள்ளமாட்டார்கள். இது எந்த ஊர் நியாயம் பெஹன்ஜி?"

நான் தலையணையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். கூச்சம் எனக்குப் பிறவியிலிருந்தே உண்டு. ஆனால் அது கூச்சம் இல்லை. பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் என் தலையணைக்குக் கீழே இருந்த அட்டை ஒன்றுதான்.

அன்று மாலை இதய டாக்டர் வந்து என் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நாற்பத்தெட்டுதான் இருக்கிறது, நான் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்றார். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பு குறையாமல் தூண்டிவிடும் சிறு கருவி, தோளுக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைப்பார்கள்) வைத்துவிடலாம், நாளை மறுநாள் இடம் இருக்கிறது என்றார். "அட்டையில் எல்லாம் கிடைத்துவிடும், கவலையே வேண்டாம்."

சரவணனுக்குப் போன் செய்தேன். பின்னால் நித்யாவின் குரல் கேட்டது, டி.வி. சத்தம் கேட்டது.

"டாக்டர் சொல்றாருன்னா கரா லோ அம்மா, செஞ்சுக்கோ. நீ டென்ஷன் எடுக்காதே. கார்டு இருக்கு இல்ல?"

"நெஞ்சுல பெட்டி வைக்கிறாங்கடா."

"சின்னதா இருக்கும்மா. மேட்ச் பாக்ஸ் மாதிரி. என் பாஸோட அப்பாவுக்கு வெச்சாங்க, அவரு டெய்லி வாக் போறாரு. நான் வரட்டுமா? நித்யாவை விட்டுட்டு..."

"வேண்டாம். நீ அவளைப் பாரு."

வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பிறகு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், அவன் மறுபடி கூப்பிட்டு இல்லை வருகிறேன் என்று சொல்வானோ என்று.

அந்தத் தளத்தில் ஜெசிந்தா என்று ஒரு நர்ஸ். பாளையங்கோட்டைப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். என் அட்டையில் பெயரைப் பார்த்துத் தமிழில் பேசத் தொடங்கியவள். ஏழாம் நாள் காலை சின்னக் காகிதக் கிண்ணத்தில் மாத்திரை கொண்டுவந்தாள். நான் வாயில் போட்டுக்கொள்ளும் வரை நிற்பது வழக்கம். அன்றைக்குக் கிண்ணத்தை நீட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சி, இந்த மாத்திரை வீட்லயும் போடுவீங்களா?"

"நீல அட்டையில இருக்குறது. பத்து வருசமா போடறேன் கண்ணு."

"நாளைக்கு ஒங்களுக்குப் பெட்டி வைக்காங்கல்லா. எதுக்காம்?"

"துடிப்பு கம்மியாம்."

அவள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "துடிப்பு கம்மின்னு பெட்டி வைக்கச் சொல்லுதாங்க. துடிப்பக் கொறைக்கிற மாத்திரையயும் நான்தான் தெனமும் காலைல ஒங்களுக்குத் தாரேன். டாக்டரு ரவுண்ட்ஸ் வந்தப்ப கேட்டுப் பார்த்தேன். எழுதுனத குடும்மா, நீ டாக்டரான்னு கேட்டாரு."

"அப்ப வேண்டாம்னு சொல்லலாமா?"

"நான் ஒண்ணும் சொல்லலை ஆச்சி. எனக்கு வேலை போயிரும். போன மாசந்தான் பிள்ளையளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருக்கேன்." கிண்ணத்தை என் கையில் வைத்தாள். "கையெழுத்து ஒங்களது. வேற டாக்டர்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னு சொன்னா, யாரும் ஒங்கள அடிக்க முடியாது. அம்புட்டுத்தான். இப்ப மாத்திரையப் போடுங்க, நான் நேரம் எழுதணும்."

போட்டுக்கொண்டேன். அவள் நேரம் எழுதிக்கொண்டு போனாள்.

அன்று பகல் முழுவதும் காலியாக இருந்த பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். நான் விழுந்தது இதயத்தால் இல்லை. உப்பால். அதைச் சொன்னால் பெட்டி வேண்டாம் என்று டாக்டரே விட்டுவிடுவார். ஆனால் சொன்னால் வேண்டுதல் போய்விடும். முப்பத்தேழு நாள் ஆகியிருந்தது. இன்னும் பதினொன்று. ஒரு பக்கம் என் நெஞ்சு, ஒரு பக்கம் நித்யாவின் வயிறு. எனக்கு எழுபத்தி மூன்று வயது. வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும், இந்த உடம்பில் இனி என்ன இருக்கிறது என்று ஒரு நேரம் தோன்றும். இன்னொரு நேரம் தோளுக்குக் கீழே கைவைத்துப் பார்ப்பேன். தோல் மெல்லியதாக, அடியில் எலும்பு தெரிந்தது. வேறு எதையும் வைக்க அங்கே இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். பெட்டி வைத்தால் மாதம் ஒரு முறை வரச் சொல்வார்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு வந்தபோதுதான் எனக்கு என்மேலேயே பயம் வந்தது. அவர்கள் என்னை வைத்துக்கொண்டதற்கு அவர்களுடைய காரணம் இருந்தது. நான் போகாமல் இருந்ததற்கு என்னுடைய காரணம் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்திப் போயிருந்தன.

எட்டாம் நாள் காலை டாக்டர் வந்தார். கூடவே ஃபைல் எடுத்துவரும் பெண். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். இந்தியில் சொன்னேன். காய்காரரிடம் பேசும் இந்திதான் எனக்கு வரும். "டாக்டர் சாஹிப், நான் உப்பு சாப்பிடவில்லை. விரதம். ஒரு மாதத்துக்கு மேல் உப்பே சாப்பிடவில்லை. அதனால் விழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் மருமகளுக்குப் பிள்ளை நிற்க வேண்டும் என்று."

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து போனதைத் திரும்ப எடுக்க முடியாது. உள்ளே ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. டாக்டர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அச்சா, அச்சா. அது வேறு விஷயம் மாதாஜி. அதைச் சரிசெய்துவிட்டோம். இது இதயம்." பெண்ணிடம் கையெழுத்து வாங்கிவிடச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். ஃபைலில் யாரும் எதுவும் எழுதவில்லை. கொஞ்சம் அசதி என்று சொன்னதை எழுதியவர்கள் இதை எழுதவில்லை.

பேனாவை அந்தப் பெண் என் கையில் வைத்தாள். நான் அதை மூடி அவளிடமே கொடுத்தேன். "வீட்டுக்குப் போக வேண்டும்" என்றேன். அவள் ஏதேதோ சொன்னாள். வழியில் துடிப்பு நின்றால் நாங்கள் பொறுப்பில்லை என்றாள். டாக்டர் பேச்சை மீறிப் போனால் அட்டையில் பில் பாஸ் ஆகாது, முழுவதும் நான்தான் கட்ட வேண்டும் என்றாள். ஆனால் வேறு வாக்கியம் எனக்குத் தெரியாததால் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வீட்டுக்குப் போக வேண்டும். முடிவில் வேறொரு தாளைக் கொண்டுவந்தார்கள், என் சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று. அதில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் அவ்வளவு நேராக அமைந்து எனக்கு நினைவில்லை.

சிம்மி வேலையிலிருந்து பாதியில் வந்து கூட்டிப்போனாள். லிஃப்ட் வரும் வரை ஜெசிந்தா என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை டிஸ்பென்சரி. அங்கே இரண்டு மணி நேரம் வரிசை, ஒரு நிமிடம் டாக்டர். வயதான பெண் டாக்டர், யாரையும் உட்காரச் சொல்லமாட்டார், கோபக்காரர். தனியார் மருத்துவமனை எங்கே, இது எங்கே. ஃபைலைப் புரட்டினார். நாடியைப் பிடித்தார். முதல் கேள்வியே, "வீட்டில் என்ன சாப்பிட்டாய்?"

ஒரு தரம் போன விரதம்தானே. சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, உப்பை நிறுத்திவிட்டு, குடம் குடமாகத் தண்ணீரும் குடித்தாயா? எந்தக் கடவுள் கேட்டார் இதை?" வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீர் பிரிக்கும் மாத்திரையை நிறுத்தினார். துடிப்பு மாத்திரையைப் பாதியாக்கி, ஒரு வாரம் கழித்து அதையும் நிறுத்தி, வேறு வகை கொடுத்தார். பெட்டி பற்றிக் கேட்டேன். "இரண்டு வாரம் கழித்துத் துடிப்பு ஏறவில்லை என்றால் நானே அனுப்புகிறேன். இப்போது போய் மோரில் உப்புப் போட்டுக் குடி. அடுத்தது யார்?"

அவர் என்னை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து தயிர்சாதம் பிசைந்தேன். உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு கல்லாக இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தி எடுத்தேன். முதல் வாய் நாக்கு எரிந்தது. இரண்டாவது வாய்க்குக் கண்ணில் நீர் வந்தது. சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பத்து நாள் பாக்கி வைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டு முடித்தேன்.

இரண்டு வாரத்தில் துடிப்பு அறுபத்தி இரண்டு. இப்போது அறுபத்தைந்து வரை போகிறது. பில் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு முறை தபால் வரும்போதும் கொஞ்ச காலம் பயந்துகொண்டிருந்தேன்.

நித்யாவுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண். எடை போதவில்லை என்று ஒரு தனியார் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இருபத்தி மூன்று நாள். சரவணன் தினமும் போனில் காட்டுவான். மூக்கில் குழாய், தலையில் மஞ்சள் குல்லாய். கை ஒரு விரல் நீளம்தான் இருக்கும். நான் சொல்லிவிட்டதால்தான் முன்னால் வந்துவிட்டாளோ என்று ஒரு பக்கம் மனம் அடித்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், அந்த மருத்துவமனையில் எத்தனை டாக்டர் வருகிறார்கள், எத்தனை நாள் உண்மையில் வேண்டும் என்று கேட்கத் தோன்றும். கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவளுக்கு வேண்டியதாகவே இருந்திருக்கலாம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு இனி அது தெரியப் போவதில்லை. உப்பு திரும்பி வந்துவிட்டது, துடிப்பு திரும்பி வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னதைக் கேட்டு முன்பு என்னால் நிம்மதியாகப் படுக்க முடிந்ததே, அது மட்டும் திரும்பி வரவில்லை. என்னிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

பிள்ளை இப்போது வீட்டில் இருக்கிறாள். போனில் என் குரல் கேட்டால் தலையைத் திருப்புகிறாள் என்கிறான் சரவணன். எனக்காகச் சொல்கிறானோ என்னவோ.

குளிர் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிவிட்டு, டிஸ்பென்சரி டாக்டர் காட்டிக்கொடுத்தபடி மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறேன். ஒரு முழு நிமிடம். ஒரு நிமிடம் இவ்வளவு பெரியது என்று எழுபத்தி மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் உடம்பு என்பது என்னைத் தூக்கிக்கொண்டு போகும் ஒன்று. இப்போது அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆள் மாதிரி. வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு, நீ எப்படி இருக்கிறாய் என்று நானே கேட்கிறேன். அது பதில் சொல்லி முடிக்கும் வரை எழுந்து போவதில்லை.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் விவரம் தெரிந்த யாராவது ஒருவர் சரிபார்த்துக் கொடுங்கள். துடிப்பு முதலில் நாற்பத்தெட்டா நாற்பத்தாறா என்று எனக்குச் சந்தேகம். ஆஞ்சியோகிராம் எடுத்தது ஐந்தாம் நாளா ஆறாம் நாளா என்பதும் அப்படித்தான். தாள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். ஜெசிந்தா என்பது நான் மாற்றி வைத்த பெயர், அப்படியே இருக்கட்டும். மாத்திரை பற்றி எழுதியதை மட்டும் அவசியம் ஒரு டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டு, தனியாக இருக்கும் யாரோ ஒருவர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.